இரண்டாவது பல்பு

எனக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் சாக்பீஸ் உடையும். பதினோரு வருடமாக பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் இயற்பியல் எடுக்கிறேன். இதுவரை எத்தனை டப்பா உடைத்திருப்பேன் என்று எங்கள் பள்ளி ஆபீஸில் கேட்டால் சலித்துக்கொண்டே சொல்வார்கள். வீடு பெரம்பலூரில். பள்ளி அரியலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்குவதற்குள் பாதிக் கோபம் தானாக ஏறியிருக்கும்; மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பாடத்தில் மட்டும் நான் குறை வைத்ததே இல்லை. கல்லூரியில் முதலாவதாக வந்தவள். புத்தகத்தைத் திறக்காமல் போர்டின் இடது மூலையில் தொடங்கினால், மணி அடிக்கும் நேரத்துக்கு வலது மூலையில் முடிப்பேன். ஒரு வரி பிசகாது. நடுநடுவே "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். நானும் அதை நம்பிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவேன். ஜூன் மாதம் நிறைந்திருக்கும் வகுப்பு ஜூலை பிறப்பதற்குள் பாதியாவதைப் பற்றி யாராவது கேட்டால், "எல்லாருக்கும் பிசிக்ஸ் வந்துடுமா?" என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

பாதியாவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்தில் எங்கள் பள்ளியில் குரூப் மாறிக்கொள்ளலாம். அறிவியல் கசந்தவர்கள் ஒரு லெட்டர் எழுதி எச்.எம்.மிடம் கொடுத்துவிட்டு காமர்ஸுக்குப் போய்விடுவார்கள். எங்கள் எச்.எம். நிதானமான மனிதர். லெட்டரை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, "மாசக் கடைசியில கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் அந்த கிளாஸ்லயே உக்காரு" என்று அனுப்பிவிடுவார். சில பேர் மனம் மாறி லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. என் வகுப்பில் அப்படி யாரும் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

இந்த வருடம் அறிவியலில் சேர்ந்ததே பத்தொன்பது பேர்தான். "இதுக்கும் கீழ போச்சுன்னா குரூப்பையே எடுத்துருவாங்க டீச்சர்" என்று எச்.எம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எடுத்துவிட்டால் நான் உபரி. எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். அதற்கு நான் அவ்வளவு கவலைப்படவில்லை. எங்கள் பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகளில் பலரை டவுன் பள்ளிக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள். இங்கே குரூப் இல்லையென்றால் அவர்களுக்கு அறிவியல் என்பதே அத்தோடு முடிந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டோரம் ஒரு ஊர். அங்கிருந்து ஐந்து பெண்கள் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். குரூப் எடுப்பதும் அப்படித்தான். ஒருத்தி போகும் இடத்துக்கு ஐந்தும் போகும். அவர்களில் நடுவில் உட்காருகிறவள் பத்தாம் வகுப்பு அறிவியலில் எங்கள் பள்ளியிலேயே முதலாவது. மற்ற நால்வரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார்கள்.

புதுப் பாடம் தொடங்கும் முன், பத்தாம் வகுப்புச் சரக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். டார்ச் பல்பு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, பேட்டரியோடு சேர்க்காமல் மேசையில் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி பல்பு. எது பிரகாசமா எரியும்?"

"முத பல்பு டீச்சர்" என்றது வகுப்பு, வழக்கமான ஒரே குரலில்.

"ஏன்?"

நடுவில் உட்காருகிறவள் எழுந்தாள். தயக்கமே இல்லை. "பஸ்ஸு மாதிரி டீச்சர். பெரம்பலூர்ல கெளம்புறப்ப பஸ்ஸு நெறைய ஆளு இருக்கும். வழியில ஒவ்வொரு ஸ்டாப்லயும் எறங்கிடுவாங்க. அரியலூர் வர்றப்ப கொஞ்ச பேருதான் மிச்சம். கரண்ட்டும் அப்படித்தான். முத பல்பு எடுத்துக்கிட்டது போக மிச்சந்தான் ரெண்டாவதுக்கு."

தினமும் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவள் நான். அரியலூர் வரை ஒருத்தரும் இறங்குவதில்லை என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு பேட்டரியைச் சேர்த்தேன். இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரிந்தன.

"இப்ப பாரு."

அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "ரெண்டாவது கொஞ்சம் மங்கலாத்தான் டீச்சர் எரியுது."

"ஆமா டீச்சர், மங்கலாத்தான் இருக்கு" என்றன பின்னாலிருந்து நான்கு குரல்கள். பிறகு மொத்த வகுப்பும். நான் பல்புகளை இடம் மாற்றி மாட்டினேன். இப்போதும் இரண்டாவதுதான் மங்கல் என்றார்கள். கண்ணெதிரே எரிவதைக் காட்டியும் மங்கல் என்று சாதிக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாக்பீஸ் உடைந்தது.

"யாரு சொல்லிக்குடுத்தா இந்தக் கூத்த?"

"பத்தாவது சயின்ஸ் சார், டீச்சர்."

"ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுக்கே இதுதான் தெரியுமா? உங்க சார் சொன்னதையெல்லாம் குப்பையில போட்டுட்டு வந்து உக்காருங்க. அப்பத்தான் நான் எதையாவது சொல்லிக்குடுக்க முடியும்."

அவள் உட்கார்ந்தாள். மறுநாள் காலை எச்.எம். டிராயரில் ஐந்து லெட்டர்கள் இருந்தன.

பத்தாவது சயின்ஸ் சாரைப் பிடித்தேன். விக்கிரமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், விலங்கியல் படித்தவர். ஆனால் பத்தாம் வகுப்பில் அறிவியல் என்றால் எல்லாமே ஒருவர் தலையில்தான். அவர் வகுப்பில் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். அது எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சல்தான். கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர் என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

"சார், கரண்ட்ட பஸ்ல ஏத்திவிட்டது நீங்கதானா?"

"ஆமா டீச்சர்!" என்று சிரித்தார். "எப்படி? ஒரு புள்ளைகூட மறக்காது பாருங்க."

"மறக்க மாட்டேங்குதே, அதான் சார் பிரச்சினையே. அது தப்பு." வழியில் கரண்ட் தீராது, போன அளவே திரும்பி வரும், பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை என்று சொன்னேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "வருஷா வருஷம் இதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார், தனக்குத்தானே. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

ஒரு பீரியட் முழுக்கச் சொன்னேன். நோட்டின் இரண்டு பக்கம் நிறைந்தது. "புரிஞ்சுதா சார்?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்" என்றார். சந்தேகத்தில், "அப்ப மூணாவதா ஒரு பல்பு மாட்டுனா அது எப்படி எரியும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அதுதான் எல்லாத்தையும் விட மங்கலா எரியும்" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க சொல்றது பூரா சரியாத்தான் இருக்கும். எனக்கே ஏற மாட்டேங்குது. புள்ளைங்களுக்கு எப்படி ஏறும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த மனிதர் மேல் கோபப்பட முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால், ஊர் முழுக்கக் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கித் தந்த பாடத்தைத் தப்பு என்று ஒருத்தி வந்து சொன்னால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? நிச்சயம் மாட்டேன். சண்டைக்குப் போயிருப்பேன்.

அவருடைய யோசனைதான் அது. என் காலி பீரியடில் நான் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவது, அவர் காலி பீரியடில் அவர் என் வகுப்பில். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். டீச்சரே ஃபெயிலாகிப் பத்தாவதுக்கு வந்துவிட்டார் என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் போய் உட்கார்ந்த முதல் நாள் அவர் இதயத்தைப் பற்றி நடத்தினார். ஒரு பெண் தப்பாக ஒரு பதில் சொன்னாள். நானாக இருந்தால் "தப்பு, உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கேட்டிருப்பேன். அவர், "ஏன் அப்படி நெனைக்கிற, சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அதில் பாதி சரியாக இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதிக்கு அவளையே நடத்திக் கூட்டிப்போனார். கேள்வி கேட்டுவிட்டு அவர் சும்மா நிற்கிற நேரம் எனக்குத் தாங்கவில்லை. பதிலை நானே கத்திவிடலாம் போல இருந்தது. அவர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பின் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இருவத்தாறு தடவ 'புரிஞ்சுதா'ன்னு கேட்டீங்க டீச்சர். 'இல்ல'ன்னு சொல்ல ஒரு தடவகூட எடம் விடல." எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே மனிதர் என்று வந்தது கோபம். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். பெரம்பலூர் வருவதற்குள் அவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

பஸ்ஸுக்குப் பதிலாக என்ன என்பதுதான் அடுத்த வேலை. பள்ளி விட்டதும் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் நின்று பேசுவோம். நான் நிபந்தனைகளைச் சொன்னேன்: சுற்றி வர வேண்டும், வழியில் எண்ணிக்கை குறையக் கூடாது, ஆனால் எதையோ இறக்கிவிட்டு வர வேண்டும். அவர் வாய்க்கால் தண்ணீர் என்றார். வயலுக்குள் போன தண்ணீர் திரும்பி வராது என்றேன். கோயில் தேர் என்றார். தேர் சுற்றி வரும், எதையும் இறக்காது என்றேன். "உங்கள வச்சிக்கிட்டு ஒரு கத சொல்ல முடியாது டீச்சர்" என்று அலுத்துக்கொண்டார். அப்போது தார்ப்பாய் போட்ட ஒரு கல் லாரி எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. பின்னாலேயே எதிர்ப்பக்கத்தில் ஒரு காலி லாரி, சுரங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், லாரி."

"லாரிக்கு என்ன?"

"சுத்தி வருது. கொறையல. கல்ல எறக்கிட்டு வருது."

நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சுரங்கம்தான் பேட்டரி. வழியில் இரண்டு சிமெண்ட் ஃபேக்டரி, அதுதான் பல்பு; ஆளுக்குப் பாதிக் கல். முதல் ஃபேக்டரிக்கு முன்னால் நின்று எண்ணினாலும், இரண்டாவதுக்குப் பின்னால் நின்று எண்ணினாலும் மணிக்கு இத்தனை லாரி என்பது மாறாது. மாறுவது சுமை மட்டும். மூன்றாவது ஃபேக்டரி வந்தால்? ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நிற்கும் இடம் கூடுவதால் லாரி ஓட்டமும் மெதுவாகும். எல்லாம் மங்கும், சமமாக மங்கும். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தும் பழுது தெரியவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. பல வருடமாகக் கையில் வைத்திருந்த ஒன்றை அன்றுதான் ஒருவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது போல இருந்தது. அன்று டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"நாளைக்கே நடத்திடுறேன் சார்."

"இருங்க. புள்ளைங்க இன்னும் பஸ்ஸுலல்ல உக்காந்திருக்கு? நான் ஏத்துனத நான்தான் எறக்கணும்."

மறுநாள் என் பீரியடில் வந்து போர்டுக்கு முன்னால் நின்றார். பழைய சாரைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மலர்ந்தது. "பத்தாவதுல நான் உங்களுக்கு ஒரு பஸ்ஸு கத சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். "இருக்கு சார்!" என்றார்கள். "அது தப்பு. நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டு உங்களுக்கும் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் எறங்குங்க."

சில பேர் சிரித்தார்கள். நடுவில் உட்காருகிறவள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா?" என்றார்.

எழுந்து நின்றாள். "டீச்சர் அன்னைக்கு எல்லாத்தையும் குப்பையில போடச் சொன்னாங்க சார். எனக்குத் தெரிஞ்சது பூரா நீங்க சொன்னதுதான். அதையும் போட்டுட்டா எங்கிட்ட என்னா இருக்கும்?"

அதுவரை அந்த லெட்டருக்குக் காரணம் இயற்பியல் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். என் வாய்தான் காரணம் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

"எல்லாம் தப்பில்லம்மா" என்றார் அவர். "இது ஒண்ணுதான். தப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிக்க எனக்குத் தெரியல. இந்த டீச்சருக்குத் தெரியுது. அதக் கத்துக்கத்தான் நீ இந்த கிளாஸுக்கு வந்திருக்க."

நானும் ஏதாவது சொல்ல வேண்டும். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். வகுப்பில் நான் அப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகள்தான் லாரி. ஆளுக்கு நான்கு கூழாங்கல். சார் சுரங்கமாக நின்று கல் ஏற்றினார். நான் ஒரு ஃபேக்டரி, ஒரு பையன் இன்னொரு ஃபேக்டரி. லாரிச் சத்தம் போடக் கூடாது என்று சொல்லியும் போட்டார்கள். நடுவில் உட்காருகிறவளைக் கடைசித் திருப்பத்தில் நிறுத்தி, அவள் தோழியை முதல் திருப்பத்தில் நிறுத்தி எண்ணச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையைச் சொன்னார்கள். அவள் நம்பாமல் தோழியோடு இடம் மாறி நின்று மறுபடி எண்ணினாள். மறுபடியும் அதேதான்.

வகுப்புக்குத் திரும்பி அதே இரண்டு பல்புகளை எரியவிட்டேன். "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு, கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

குனிந்து வெகு நேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் டீச்சர் எரியுது" என்றாள்.

லெட்டர்கள் மட்டும் டிராயரிலேயே இருந்தன. நான் கேட்கவில்லை. எச்.எம்.மிடமும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். நாட்கள் போயின. அவள் கவனமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஐந்து பேரும் இன்னும் லேப் ரெக்கார்டு நோட்டு வாங்கவில்லை. தினமும் உள்ளே நுழையும்போது என் கண் முதலில் போவது அந்த பெஞ்சுக்குத்தான். கையெழுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஐந்து பேரும் பையை மாட்டிக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார்கள். சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மனது கனத்துப்போனது.

நடுவில் உட்காருகிறவள் மட்டும் உள்ளே வந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். எங்க ஊருக்கிட்ட ரோடு அடைச்சிட்டா, அதுக்கு முன்னாடி போன லாரி பாட்டுக்கு போய்க்கிட்டுதான இருக்கும்? அதுங்க போயி கல்ல எறக்கும்ல? ஆனா ஒயர எங்க வெட்டுனாலும் பல்பு ஒடனே அணைஞ்சிடுதே. தூரத்துல வெட்டுனது அந்தப் பல்புக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

டீக்கடையில் அத்தனை தடவை திருப்பிப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. லாரிக் கதை உடைகிற இடத்தை அவள் தானாகவே போய்க் கண்டுபிடித்திருந்தாள். எனக்குப் பதில் தெரியும். மின்புலம் என்று தொடங்கினேன். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். அவள் தலையாட்டத் தொடங்கினாள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு நிமிடத்தில் "புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

நிறுத்தினேன்.

"எனக்குத் தெரியுது. உனக்குப் புரியிற மாதிரி சொல்லத்தான் இன்னும் தெரியல. சாரோட பேசிட்டுச் சொல்றேன். ரெண்டு நாள் குடு."

"ரெண்டு நாளா?" என்றாள். "நாளைக்கு எச்.எம். சார் கையெழுத்துப் போட்டுருவாங்களே டீச்சர்."

"தெரியும்."

அவசரமாக ஏதாவது சொல்லி அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. சார் செய்வதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் திரும்பி வாசலில் நின்ற நால்வரையும் பார்த்தாள்.

"ரெண்டு நாள் ஆகுமாம்டி."

பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"சரி டீச்சர், அஞ்சு பேரும் இருக்கோம்" என்றாள். "ஆனா ரெண்டு நாள்ல கண்டிப்பாச் சொல்லிடணும்."